கொண்டாடப்பட்ட லெஸ்டர், வெறுக்கப்பட்ட லைப்சிக்: 2016-இன் இரண்டு எளிய அணிகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2016-இல் ஐரோப்பியக் கால்பந்தில் இரண்டு அணிகள் கிட்டத்தட்ட ஒரே காரியத்தைச் செய்தன. முந்தைய சீசனில் கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கப்படுவதிலிருந்து மயிரிழையில் தப்பிய லெஸ்டர் சிட்டி, மே மாதம் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டத்தை வென்றது. ஜெர்மனியில் அந்தக் கோடையில்தான் முதன்முறையாக முதல் பிரிவு லீக்கான புண்டஸ்லிகாவுக்கு உயர்ந்த ஆர்.பி. லைப்சிக், முதல் 13 ஆட்டங்களில் தோல்வியே காணாமல் ஓடி, 67 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தில் முடித்தது. அதற்கு மேலே இருந்த ஒரே அணி, அப்போது தொடர்ந்து ஐந்தாவது பட்டத்தை வென்ற பயர்ன் மியூனிக்.

லெஸ்டர் வென்றபோது கால்பந்தே பார்க்காதவர்கள்கூட சந்தோஷப்பட்டார்கள். லைப்சிக் ஆட வந்தபோது டிரெஸ்டன் மைதானத்தில் வெட்டிய காளைத் தலை ஒன்றைப் பார்வையாளர் பகுதியிலிருந்து வீசினார்கள். டார்ட்மண்ட் ரசிகர்களில் ஒரு பெரும் பகுதியினர் ஆட்டம் பார்க்க லைப்சிக் ஊருக்குப் போகவே மறுத்தார்கள்.

எளியவன் ஜெயித்தால் மனிதனுக்குப் பிடிக்கும் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது உண்மையானால் லைப்சிக்கும் கொண்டாடப்பட்டிருக்க வேண்டும். ரசிகர் மனதுக்குள் ஓடுவது வேறொரு கணக்கு: இந்த அணிக்குக் கையில் என்ன கொடுக்கப்பட்டது, அது எதை எடுத்துக்கொண்டது, அந்த எடுப்பில் என் அணிக்கு என்ன நஷ்டம். எளிய அணி மேல் அன்பு, வெற்றியாளர் மேல் வயிற்றெரிச்சல் இரண்டுமே இந்த ஒரே கணக்கின் விடைகள் என்பதே இந்த ஆய்வின் வாதம்.

லெஸ்டர் எவ்வளவு எளிய அணி?

2015 ஏப்ரல் தொடக்கத்தில் லெஸ்டர் பட்டியலின் அடியில் கிடந்தது. ஒன்பது ஆட்டங்கள் மிச்சம், பாதுகாப்பான இடத்துக்கு ஏழு புள்ளி தூரம். அதில் ஏழை வென்று 41 புள்ளிகளோடு 14-ஆம் இடத்தில் தப்பித்தது. கோடையில் பயிற்சியாளரை நீக்கியது. ஜூலை 13 அன்று வந்தவர் கிளாடியோ ரனியேரி. எட்டு மாதங்களுக்கு முன்புதான் ஃபேரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்றதற்காகக் கிரீஸ் தேசிய அணி அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. லெஸ்டரிலேயே பிறந்து அந்த அணிக்கே ஆடிய கேரி லினேக்கர்கூட நியமனத்தைக் கேட்டு வெளிப்படையாக ஆச்சரியப்பட்டார்.

லெஸ்டர் பட்டம் வெல்லும் என்பதற்குப் பந்தய நிறுவனங்கள் 5000-க்கு 1 என்று விலை போட்டன. இந்த எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. பின்னாளில் எல்லோரும் இதை நிகழ்தகவு போல மேற்கோள் காட்டினார்கள்; அது அப்படி உட்கார்ந்து கணித்த எண் அல்ல. பட்டியலில் அடியில் உள்ள அணிகளுக்கு ஒப்புக்குப் போடும் தொகை அது. ஆனாலும் ரசிகர் மனதில் அதன் வேலை பெரிது. எதிர்பார்ப்பு என்ற மங்கலான விஷயத்துக்கு ஒரு உருவம் கிடைத்தது. "ஒரு பவுண்ட் கட்டினால் ஐந்தாயிரம்" என்பது எந்த மொழிக்காரருக்கும் ஒரு நொடியில் புரியும். கதை உலகம் முழுக்கப் பரவியதில் இந்த ஒரு எண்ணின் பங்கு ஆட்டத்தின் பங்குக்குக் குறைந்ததல்ல.

பின்னணியில் இருந்த நிலைமையும் முக்கியம். 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியதிலிருந்து 2015 வரை பட்டம் வென்ற கிளப்புகள் ஐந்தே ஐந்து: மான்செஸ்டர் யுனைடெட், பிளாக்பர்ன், ஆர்சனல், செல்சி, மான்செஸ்டர் சிட்டி. 1995-இல் பிளாக்பர்ன் வென்ற பிறகு மற்ற நான்கும் தங்களுக்குள் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டன. இருபது வருடம் ஒரே நான்கு பெயர்களைக் கேட்டுச் சலித்த காதுகள் லெஸ்டருக்காகக் காத்திருந்தன. 2015-16-இல் லெஸ்டரின் ஊதியச் செலவு அந்த நான்கில் எதனுடையதையும் ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு.

ஆட்டக்காரர்களின் விலையும் கதைக்கு ஏற்றதாக அமைந்தது. ஜேமி வார்டி, லீக் அமைப்புக்கு வெளியே இருந்த ஃப்ளீட்வுட் டவுனிலிருந்து 2012-இல் சுமார் 10 லட்சம் பவுண்டுக்கு வந்தவர். அதற்கு முன் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே உள்ளூர் அணிக்கு ஆடியவர். ரியாத் மஹ்ரஸ் பிரான்சின் இரண்டாம் பிரிவிலிருந்து ஐந்து லட்சம் பவுண்டுக்கும் குறைவான விலையில் வந்தார். என்கோலோ கான்டே பிரான்சின் கான் அணியிலிருந்து சுமார் 56 லட்சம் பவுண்டுக்கு.

உழைப்பு கண்ணுக்குத் தெரிந்த சீசன்

அமெரிக்காவின் தென் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வாண்டெல்லோ குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை உண்டு. ஐரோப்பியக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றின் காணொளியைப் பலருக்குக் காட்டினார்கள். காணொளி எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த அணி எளிய அணி என்ற முன்குறிப்பு மட்டும் வேறு. எளிய அணி என்று சொல்லப்பட்ட அணியைப் பார்த்தவர்கள், அதற்குத் திறமை குறைவு, ஆனால் அது அதிகமாக உழைக்கிறது என்று மதிப்பிட்டார்கள். கண் பார்த்தது ஒன்று, முன்குறிப்பு பார்க்கச் சொன்னது இன்னொன்று. எளிய அணியின் தோல்வி நமக்குச் சாதாரணமாகத் தெரியும். அதன் வெற்றி உழைப்பின் கூலியாகத் தெரியும்.

லெஸ்டரின் ஆட்டமுறை இந்தப் பார்வைக்கு எண்ணெய் ஊற்றியது. பந்தை எதிரணியிடம் விட்டுவிட்டு, கோலை ஒட்டிய தங்கள் பெட்டிக்கு முன்னால் இரண்டு வரிசையாக நெருக்கி நின்று, பறித்ததும் நேராக வார்டியின் ஓட்டத்துக்கு நீளமாக அடிப்பது. 4-4-2, அதாவது தடுப்பில் நான்கு பேர், நடுவில் நான்கு பேர், முன்னால் இரண்டு பேர். பந்து அவர்கள் காலில் இருந்த நேரம் பாதிக்கும் குறைவு. கான்டே அந்த சீசனில் 175 முறை எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்க இறங்கினார், 156 முறை பாஸை இடைமறித்தார். இரண்டிலும் லீக்கில் முதலிடம். கேப்டன் வெஸ் மோர்கன் 38 ஆட்டங்களிலும் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை.

பாஸ் மேல் பாஸாகக் கோர்த்து வெல்லும் அணியின் உழைப்பு, ஆட்டம் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். அங்கே பந்துதான் ஓடும், ஆட்கள் நிற்பது போலத் தோன்றும். லெஸ்டர் ஆட்டத்தில் ஆட்கள் ஓடுவது எல்லோருக்கும் தெரிந்தது. 2016 பிப்ரவரி 2 அன்று லிவர்பூலுக்கு எதிராக வார்டி போட்ட முதல் கோலைப் பாருங்கள். மஹ்ரஸ் தன் பாதியிலிருந்தே நீளமாக அடிக்கிறார். பந்து ஒரு முறை தரையில் குத்தி எழும்புகிறது. ஓடிவந்த வார்டி அதைக் காலில் அடக்க முயலவே இல்லை. பெட்டிக்கு வெளியிலிருந்தே, விழும் பந்தை அப்படியே உதைக்கிறார், முன்னே வந்து நின்ற கோல்கீப்பரின் தலைக்கு மேலே. விதிகள் தெரியாதவருக்கும் அதில் ஓட்டமும் துணிச்சலும் புரிந்துவிடும். நான்கு நாள் கழித்து மான்செஸ்டர் சிட்டியை அதன் மைதானத்திலேயே 3-1 என்று வீழ்த்திய பிறகு, "இது நிலைக்காது" என்ற பேச்சு ஓய்ந்தது.

ரனியேரி செய்த இன்னொரு காரியத்தை ஆய்வாளர்கள் போதுமான அளவு கவனிப்பதில்லை. அணி முதலிடத்துக்கு வந்த பிறகும் அவர் "40 புள்ளிதான் இலக்கு, தரமிறங்காமல் இருந்தால் போதும்" என்ற பேச்சை உடனே விடவில்லை. கோல் வாங்காமல் ஒரு ஆட்டத்தை முடித்தால் பீட்சா வாங்கித் தருவேன் என்றார். அக்டோபரில் கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று வென்றதும் அழைத்துப்போய், பீட்சாவை அவர்களையே செய்ய வைத்தார். இவை வேடிக்கைச் செய்திகளாகப் போயின. ஆனால் ரசிகரின் கணக்குப் புத்தகத்தில் "எதிர்பார்ப்பு" என்ற பத்தியை ஏறவிடாமல் கீழேயே பிடித்து வைத்தவை இவைதான். முதலிடத்தில் மாதக்கணக்கில் இருக்கும் அணி சாதாரணமாக அந்தப் பத்தியில் தானாகவே ஏறிவிடும், எளிய அணி என்ற பட்டமும் போய்விடும்.

டாட்டன்ஹாம் ஏன் வில்லன் ஆனது?

இந்த நிகழ்வில் மிகவும் யோசிக்க வைக்கும் பகுதி இதுதான். ஏப்ரலில் லெஸ்டரைத் துரத்தி வந்தது டாட்டன்ஹாம். 1961-க்குப் பிறகு லீக் பட்டமே வெல்லாத அணி, இளம் ஆட்டக்காரர்களால் கட்டப்பட்டது. லெஸ்டர் என்ற ஒன்று இல்லாதிருந்தால், 55 வருடக் காத்திருப்பு என்ற கதையோடு நடுநிலை ரசிகர்கள் இந்த அணியைத்தான் தூக்கி வைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் கண்ணில் அது விருந்தைக் கெடுக்க வந்த அணியாகிவிட்டது.

மே 2, திங்கள் இரவு. டாட்டன்ஹாம் ஜெயித்தே ஆகவேண்டும். செல்சி மைதானத்தில் கேன், சோன் இருவரின் கோல்களால் இடைவேளைக்கு 2-0 முன்னிலை. 58-ஆம் நிமிடத்தில் செல்சியின் கேஹில் ஒன்றைத் திருப்பினார். 83-இல் ஈடன் அசார் பெட்டியின் விளிம்பிலிருந்து மேல் மூலைக்கு வளைத்தார். 2-2. டாட்டன்ஹாம் ஆட்டக்காரர் ஒன்பது பேருக்கு மஞ்சள் அட்டை. லெஸ்டர் ஆடாமலேயே சாம்பியன். டாட்டன்ஹாம் பட்டம் வெல்வதைத் தாங்கள் விரும்பவில்லை என்று செல்சி ஆட்டக்காரர்கள் சிலர் முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள். பத்தாம் இடத்தில் முடித்த செல்சி ரசிகர்களுக்கு அந்த சீசனின் பெரிய கொண்டாட்டம் அந்தச் சமன்தான்.

செல்சி ரசிகர் லெஸ்டரை நேசித்ததால் துள்ளவில்லை. அதே லண்டன் நகரத்துப் போட்டிக்காரன் பட்டத்தை இழந்ததால் துள்ளினார். இவரையும் "எளிய அணியின் ஆதரவாளர்" கணக்கில் சேர்த்தால் முடிவு தப்பாகும். மினா சிகாரா குழு 2011-இல் நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. போட்டி அணி தோற்கும்போது, வெகுமதி கிடைத்தால் கிளர்ச்சி அடையும் அதே பகுதி கிளர்ந்தது. போட்டி அணி தங்களிடம் தோற்க வேண்டும் என்பதில்லை. சம்பந்தமே இல்லாத மூன்றாவது அணியிடம் தோற்றாலும் அவர்களுக்கு மகிழ்ச்சிதான்.

அன்பு எதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட்டது

ஏப்ரல் 17, வெஸ்ட் ஹாமுக்கு எதிரான ஆட்டம். வார்டி பெட்டிக்குள் விழுந்தார். நடிப்பு என்று நடுவர் இரண்டாவது மஞ்சள் காட்டி வெளியேற்றினார். பத்துப் பேரோடு லெஸ்டர் 2-1 என்று பின்தங்கி, 95-ஆம் நிமிடப் பெனால்டியில் உயோவா சமன் செய்தார். ஒரு பெரிய அணியின் நட்சத்திரம் இதே மாதிரி விழுந்து, இதே மாதிரி கடைசி நிமிடப் பெனால்டியும் கிடைத்திருந்தால் வாரம் முழுக்க என்ன பேசியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இங்கே பேச்சு போராட்டக் குணத்தைப் பற்றியே அதிகம் இருந்தது.

பணமும் அப்படித்தான். லெஸ்டர் ஏழைக் கிளப் அல்ல. 2010 முதல் அதன் உரிமை தாய்லாந்தின் கிங் பவர் நிறுவனத் தலைவர் விச்சாய் ஸ்ரீவத்தனபிரபாவின் கையில். பிரீமியர் லீக்குக்கு உயர்ந்த 2013-14 சீசனின் செலவு விதிகள் தொடர்பான வழக்கை 31 லட்சம் பவுண்ட் கொடுத்து 2018-இல்தான் முடித்துக்கொண்டது. வாண்டெல்லோ குழுவின் இன்னொரு சோதனை இங்கே பொருந்தும்: தோற்க வாய்ப்புள்ள அணிதான் அதிகம் சம்பளம் கொடுக்கிறது என்று சொன்னதும், அதன் மேல் இருந்த பரிவு காணாமல் போனது. லெஸ்டர் விஷயத்தில் அந்தத் தகவல் ரகசியமாக இல்லை, யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நான்கு பெரிய கிளப்புகளின் பணத்துக்குப் பக்கத்தில் லெஸ்டரின் பணம் சிறியதாகத் தெரிந்ததே காரணம் என்று படுகிறது. வளம் என்பதை ரசிகர் எப்போதும் பக்கத்தில் இருப்பவரோடு வைத்தே அளக்கிறார்.

அன்பின் ஆயுள்

ஜிம்மி ஃப்ரேசியர், எல்டன் ஸ்னைடர் இருவரும் 1991-இல் மாணவர்களிடம் கேட்ட கேள்வி எளிமையானது. ஏழு ஆட்டத் தொடரில் பலமான அணி ஒன்று, எளிய அணி ஒன்று, யார் பக்கம்? ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எளிய அணி என்றார்கள். இப்போது எளிய அணி முதல் மூன்று ஆட்டங்களையும் வென்றுவிட்டது, இனி யார் பக்கம்? எளிய அணியைத் தேர்ந்தவர்களில் பாதிப் பேர் மறுபக்கம் தாவினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு கடைசி வரை நீளும் தொடர்.

லெஸ்டரிடம் அன்பு வற்றியது வேறு வழியில். கான்டேயை 2016 ஜூலையில் செல்சி 3.2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அடுத்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே ஹல் சிட்டியிடம் தோல்வி. பிப்ரவரியில் தரமிறக்க இடத்துக்கு ஒரே புள்ளி மேலே. 2017 பிப்ரவரி 23 அன்று, பட்டம் வென்று பத்து மாதம் முடிவதற்குள், ரனியேரி நீக்கப்பட்டார். நான்கு நாளில் அதே ஆட்டக்காரர்கள் லிவர்பூலை 3-1 என்று வென்றார்கள், பழைய வேகத்தோடு. அதுவரை மறைந்திருந்த ஒரு கேள்வி அப்போது எல்லோர் வாயிலும் வந்தது: இந்த ஓட்டம் இத்தனை மாதம் எங்கே போயிருந்தது? உழைப்பாளிகள் என்று நேசிக்கப்பட்டவர்கள் மேல் உழைக்க மறுத்தவர்கள் என்ற பழி விழுந்தது. அவர்கள் அடைந்த இறக்கத்தைவிட, அன்புக்கு அடிப்படையாக இருந்த ஒரே குணம் சந்தேகத்துக்கு உள்ளானதே அதிகம் சேதம் செய்தது.

லைப்சிக்: கணக்கு தலைகீழாக

ஜெர்மன் கால்பந்தில் கிளப்பின் வாக்குரிமையில் 50 சதவீதமும் மேலும் ஒரு வாக்கும் உறுப்பினர்கள் கையில் இருக்கவேண்டும் என்பது விதி. பயர்னுக்கு அப்போது இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். லைப்சிக்கில் வாக்குரிமை உள்ளவர்கள் இருபதுக்கும் குறைவு. 2009-இல் ரெட் புல் என்ற ஊக்கபான நிறுவனம் மார்க்ரான்ஸ்டட் என்ற ஐந்தாம் பிரிவுக் கிளப்பின் உரிமத்தை வாங்கித் தொடங்கியது. விளம்பரப் பெயர் வைக்கக் கூடாது என்பதால் 'ரசன்பால்ஸ்போர்ட்' என்று பெயர் சூட்டி ஆர்.பி. என்ற முதலெழுத்துகளைக் காப்பாற்றிக்கொண்டது. விதியின் எழுத்தை மீறவில்லை, உயிரை எடுத்துவிட்டது என்பதே மற்ற ரசிகர்களின் குற்றச்சாட்டு.

ஆட்டத்தில் பார்த்தால் லைப்சிக் லெஸ்டரைவிட இளைய அணி, ஓட்டத்திலும் விரட்டிப் பறிப்பதிலும் குறைந்ததல்ல. இருந்தும் அந்த உழைப்பு யார் கண்ணிலும் படவில்லை. பெற்றதே முறையற்றது என்று தீர்ப்பாகிவிட்டால், அதன் மேல் போட்ட உழைப்பு வரவில் ஏறாது. 2017 பிப்ரவரி 4 அன்று டார்ட்மண்டில் குழந்தைகளோடு வந்த லைப்சிக் ரசிகர்கள் மேல் கல்லும் பாட்டிலும் விழுந்தன. தண்டனையாக ரசிகர்கள் நின்று பார்க்கும் டார்ட்மண்டின் புகழ்பெற்ற தெற்குப் பகுதி ஒரு ஆட்டத்துக்கு மூடப்பட்டது. எந்த வாதமும் அந்த வன்முறைக்கு நியாயமாகாது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி எழும்: 2024-இல் பட்டம் வென்ற பயர் லெவர்குசனும் ஒரு மருந்து நிறுவனத்தின் அணிதானே? ஆம். 50+1 விதியிலிருந்து விலக்கும் பெற்றது. ஆனால் பணியாளர்கள் 1904-இல் தொடங்கிய கிளப் அது. 2000-இல் கடைசி நாளில் ஒரு சமன் போதும் என்ற நிலையில் உன்டர்ஹாகிங்கிடம் 2-0 என்று தோற்று பட்டத்தை இழந்தது. 2002-இல் லீக், கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாவது. தோற்றுத் தோற்று அது தன் கடனை அடைத்துவிட்டிருந்தது. அதோடு, பயர்னின் தொடர்ச்சியான 11 பட்டங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்ததும் அதுதான்.

அந்தப் பயர்ன் மேல் இருக்கும் எரிச்சலுக்கு மூலம் ஆராய்ச்சியில் தெளிவாகவே இருக்கிறது. 1998 உலகக் கோப்பைக் காலிறுதியில் குரோஷியாவிடம் ஜெர்மனி 3-0 என்று தோற்றபோது நெதர்லாந்து மாணவர்களின் மனநிலையைக் கொலின் லீச் குழு ஆராய்ந்தது. தங்கள் அணியின் தாழ்வு உள்ளே உறுத்தியவர்களுக்கே ஜெர்மனியின் தோல்வி அதிகம் இனித்தது. ஆஸ்திரேலியாவில் நார்மன் ஃபெதர் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது: உயரத்தில் இருப்பவர் சறுக்குவது பிடிக்கிறது, ஆனால் அடிமட்டத்துக்கு விழுவதைவிட, நடுவில் நம் வரிசைக்கு வந்து நிற்பதே அதிகம் பிடிக்கிறது.

அளப்பவர்கள் வழுக்கும் இடங்கள்

ரசிகர் ஆய்வோ கிளப்பின் சொந்தக் கருத்துக்கணிப்போ செய்பவர்கள் முதலில் தவறுவது நேரத்தில். ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால், வென்றவர் பக்கம் முன்பே இருந்ததாகப் பலர் சொல்வார்கள். ஆட்டத்துக்கு முந்தைய நாள் கேட்க வேண்டும். "யார் ஜெயிப்பார்கள்", "யார் ஜெயிக்க வேண்டும்" இரண்டையும் ஒரே கேள்வியில் திணிக்கக் கூடாது. முன்னதை முதலில் கேட்டு, இடையில் வேறு கேள்விகள் போட்டு, பிறகு பின்னதைக் கேட்டால் பதில்கள் ஒன்றை ஒன்று இழுக்காது.

அடுத்து, பதிலளிப்பவர் எந்த அணியின் ரசிகர், இந்த முடிவால் அவருடைய அணி பட்டியலில் ஏறுமா இறங்குமா என்பதைப் பதிவு செய்யாத கணிப்பு உதவாது. எளியவர் மேல் பரிவு, நம் சொந்த நலன் அதில் மாட்டும்போது கரைந்துபோகும் என்பதை ரிச்மண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் காட்டியிருக்கிறார்கள். சம்பளம், உரிமையாளர் பற்றிய தகவலைப் பாதிப் பேருக்கு மட்டும் கொடுத்துக் கேட்பது நல்லது. அப்போதுதான் பரிவு தோல்வி வாய்ப்பின் மேலா, வளக்குறைவின் மேலா என்று பிரிக்க முடியும். சமூக வலைதளச் சத்தத்தை எண்ணிக்கையாக எடுத்துக்கொள்வது வீண்; அங்கே பேசுவது போட்டி அணி ரசிகர்கள், நடுநிலையாளர்கள் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்தப் பிரிப்பு ஏன் தேவை என்பதற்கு 2022 மே மாதம் பெர்லினில் நடந்த ஜெர்மன் கோப்பை இறுதி நல்ல எடுத்துக்காட்டு. லைப்சிக்குக்கு எதிரே, முதல்முறையாக இறுதிக்கு வந்த ஃப்ரைபர்க். 19-ஆம் நிமிடத்தில் ஃப்ரைபர்க் முன்னிலை. இரண்டாம் பாதியில் லைப்சிக்கின் ஹால்ஸ்டன்பெர்க் சிவப்பு அட்டையோடு வெளியேறினார். பத்துப் பேர், ஒரு கோல் பின்னால், 76-இல் இன்குன்கு சமன் செய்தார், பெனால்டியில் 4-2 என்று வென்றார்கள். பத்துப் பேரோடு ஆடிய அந்த நேரத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் எளிய அணி லைப்சிக்தான். நாட்டின் நடுநிலை ரசிகர்களில் பெரும்பாலோர் அப்போதும் ஃப்ரைபர்க் பக்கமே இருந்தார்கள்.